அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் கனவு: ஐரோப்பியப் பையன்கள் செய்யும் தவறுகள்

ஜெர்மனியில் ஓர் அமெரிக்கன் ஃபுட்பால் கழகத்தின் இளையோர் அணிக்குப் பயிற்சி கொடுக்கிறேன். நம் கால்பந்து அல்ல இது, பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆளோடு ஆள் மோதியும் ஆடும் ஆட்டம். அமெரிக்கக் கல்லூரியில் ஆட விரும்பும் பையன்களின் விண்ணப்ப வேலையும் பல ஆண்டுகளாக என் தலையில்தான் விழுகிறது. எங்கள் கழகத்தின் முதல் தலைமுறை விவரம் தெரியாமல் செய்த தவறுகளையே இன்றைய பையன்களும் வரி பிசகாமல் செய்கிறார்கள். பார்த்துக்கொண்டு பேசாமல் இருக்க முடியவில்லை.

நன்றாகச் சாப்பிடு, எடை தூக்கு, ஆங்கிலம் படி என்பவற்றை விட்டுவிடுகிறேன். அவை தெரியாத பையன் இல்லை.

பெரிய பெயர்களின் கடைசிப் பக்கத்தை மட்டும் படிப்பது

எல்லோரும் சொல்லும் முதல் பெயர் பியோர்ன் வெர்னர். பெர்லினில் பிறந்தவர். புளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 2012 பருவத்தில் 13 சாக் எடுத்தார், அதாவது பந்தை எறியப்போகும் எதிரணி ஆட்டக்காரரை எறியும் முன்பே 13 முறை வீழ்த்தினார். அடுத்த ஆண்டு, தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். அணிகள் கல்லூரி வீரர்களை முறைவைத்து எடுக்கும் தேர்வின் முதல் சுற்றிலேயே 24ஆவது வீரராக இண்டியானாபொலிஸ் அணி அவரை எடுத்துக்கொண்டது. இதுவரை பையன்களுக்கு மனப்பாடம். பள்ளிப் பருவத்திலேயே கனெக்டிகட் மாநிலத்துச் சாலிஸ்பரி உறைவிடப் பள்ளிக்குப் போய் ஆடினார் என்பதை யாரும் கவனிப்பதில்லை. கல்லூரிப் பயிற்சியாளர்கள் பார்த்தது பெர்லின் ஆட்டத்தை அல்ல, அமெரிக்கப் பள்ளிகளுக்கு எதிராக அவர் ஆடிய ஆட்டத்தை.

இன்னொருவர் எஸ்டோனியாவின் மார்குஸ் ஹண்ட். ஃபுட்பால் ஆடாமலேயே போனார், நானும் போகலாம் என்பார்கள். அவர் 2006இல் பெய்ஜிங்கில் நடந்த உலக இளையோர் தடகளப் போட்டியில் குண்டு எறிதல், வட்டு எறிதல் இரண்டிலும் தங்கம் வென்றவர். டல்லாஸில் உள்ள எஸ்.எம்.யு. பல்கலைக்கழகத்தில் பயிற்சி பெறப் போனார். அங்கே ஆண்கள் தடகள அணியை ஏற்கெனவே கலைத்திருந்தார்கள். உதவித்தொகைக்கு வேறு வழி தேட வேண்டியிருந்ததால் ஃபுட்பாலுக்கு வந்தார். 6 அடி 8 அங்குல உயரத்தோடு கையைத் தூக்கி எதிரணி உதைக்கும் பந்தை மறித்தே பெயர் வாங்கினார். 2013இல் இரண்டாம் சுற்றில் சின்சினாட்டி அணிக்குத் தேர்வானபோது அவருக்கு வயது 25. அவர் போன வழியில் போக வேண்டுமானால் முதலில் அந்த இரண்டு தங்கங்கள் வேண்டும்.

பிடித்த இடத்தையே பிடித்துக்கொண்டு நிற்பது

ஊரில் எல்லோரையும்விட வேகமாக ஓடுபவன், பந்தை ஏந்தி ஓடும் ரன்னிங் பேக் ஆகிறான். கல்லூரிக்கும் அதே இடத்துக்கு விண்ணப்பிக்கிறான். டெக்சாஸிலும் புளோரிடாவிலும் அவனைவிட வேகமானவர்கள் பள்ளிக்குப் பள்ளி இருக்கிறார்கள். பயிற்சியாளர் கடல் தாண்டி ஆள் எடுப்பது உள்ளூரில் எளிதில் கிடைக்காத உடம்புக்காக. எதிரணியின் தடுப்பைத் தாண்டிப் பாயும் டிஃபென்சிவ் எண்ட், ஆளைத் தடுக்கவும் பந்தைப் பிடிக்கவும் வேண்டிய டைட் எண்ட், எல்லாவற்றுக்கும் மேலாகப் பந்து வைத்திருப்பவருக்குக் காவலாக முன்வரிசையில் நிற்கும் ஆஃபன்சிவ் லைன். செபாஸ்டியன் ஃபோல்மர் டியூசல்டார்ஃப் பாந்தர் அணியிலிருந்து ஹூஸ்டன் பல்கலைக்கழகத்துக்கு டைட் எண்டாகப் போனவர். அங்கே ஆஃபன்சிவ் லைனின் ஓரத்தில் நிற்கும் டேக்கிளாக மாற்றினார்கள். மறுக்காமல் மாறினார். 2009இல் 58ஆவதாக நியூ இங்கிலாந்து அணிக்குத் தேர்வானார். என்.எஃப்.எல். இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை வென்ற இரண்டு ஆண்டு அணிகளில் அவர் பெயர் இருக்கிறது.

சும்மா இருக்கட்டும் என்று பல்கலைக்கழகத்தில் பெயர் பதிவது

இதைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். எத்தனை முறை எச்சரித்தாலும் ஆண்டுதோறும் ஒருவனாவது செய்துவிடுகிறான். எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது.

நடப்பது இப்படி. ஜெர்மனியில் பையன் பள்ளி இறுதித் தேர்வான அபிட்டூர் முடிக்கிறான். அமெரிக்காவிலிருந்து அழைப்பு இன்னும் வரவில்லை. வீட்டில் சும்மா இருந்தால் பிள்ளைகளுக்கான அரசு உதவித்தொகை நின்றுவிடும் என்று அம்மாவுக்குக் கவலை. காப்பீடும் குழப்பம். பல்கலைக்கழகத்தில் பதிந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். மாணவர் பயண அட்டையும் கிடைக்கும், ரயிலில் பயிற்சிக்கு வந்துபோகலாம். ஏதோ ஒரு பாடத்துக்குப் பதிகிறான். முதல் சில வாரம் வகுப்புக்குப் போகிறான், பிறகு போவதில்லை. படிப்பு நோக்கமே இல்லை என்பதால் இதில் என்ன ஆபத்து என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் உயர்ந்த மட்டமான முதல் பிரிவில், நான் இந்த வேலையைப் பார்க்கத் தொடங்கிய நாளிலிருந்து இருந்துவரும் விதி இது: ஒருவன் உலகின் எந்த உயர்கல்வி நிறுவனத்திலாவது முழுநேர மாணவனாகச் சேர்ந்த நாளில் ஐந்தாண்டுக் கணக்கு தொடங்குகிறது. கல்லூரியில் ஆடக் கிடைக்கும் நான்கு பருவங்களையும் அந்த ஐந்தாண்டுக்குள் ஆடி முடிக்க வேண்டும். தேர்வு எழுதினானா, தேறினானா என்பது பேச்சே இல்லை. வாடகைக் காரின் மீட்டர் வண்டி நின்றாலும் ஓடுவதுபோல இந்தக் கணக்கும் ஓடிக்கொண்டே இருக்கும். ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் சாதாரணமாகப் பதிந்தாலே முழுநேர மாணவன்தான்.

எங்களிடம் ஒரு டிஃபென்சிவ் எண்ட் இருந்தான். நீண்ட கை, பந்து நகர்ந்த நொடியில் பாயும் கால். முதல் பிரிவுக் கல்லூரி ஒன்றின் பயிற்சியாளர் அவனோடு வாரம் தவறாமல் பேசிக்கொண்டிருந்தார். முழு உதவித்தொகை பற்றிய பேச்சு. தகுதிப் படிவத்தை நிரப்ப அவன் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்தோம். பள்ளிக்குப் பிறகு வேறெங்காவது படித்திருக்கிறீர்களா என்ற கேள்வி வந்தது. இல்லை என்றான். பயண அட்டை எப்படி வந்தது என்று கேட்டேன். எழுந்துபோய் மாணவர் சான்றிதழை எடுத்துவந்தான். மடித்து மடித்துக் கிழியும் நிலையில் இருந்த தாள். அதில் 'நான்காம் செமஸ்டர்' என்று அச்சிட்டிருந்தது. ஒரு தேர்வுகூட எழுதாத நான்கு செமஸ்டர். அவன் அம்மா அந்தத் தாளை இஸ்திரி போடுவதுபோல உள்ளங்கையால் நீவிக்கொண்டே இருந்தார்.

ஐந்தில் இரண்டு ஆண்டு போயிற்று. ஐரோப்பாவிலிருந்து போகும் லைன் ஆட்டக்காரனுக்கு முதல் ஆண்டை ஆடாமல் உடம்பை வளர்ப்பதிலும் ஆட்டத்தைக் கற்பதிலுமே கழிக்கும் ரெட்ஷர்ட் ஆண்டு வேண்டும். மீதம் மூன்றாண்டு மட்டுமே உள்ளவனுக்கு எந்தப் பயிற்சியாளர் அந்த ஆண்டைக் கொடுப்பார்? அதோடு, மூன்றாம் ஆண்டில் நுழைபவன் பட்டப்படிப்பில் குறிப்பிட்ட பங்கை முடித்திருக்கவும் வேண்டும். இவன் கையில் ஒரு பாடம்கூட இல்லை. கல்லூரியிலிருந்து இரண்டு வரியில் பதில் வந்தது. பிறகு அழைப்பே இல்லை. அவன் இப்போது எங்கள் மூத்தோர் அணியில் ஆடுகிறான். லீக்கிலேயே அவனைத் தடுக்கச் சிரமப்படாத டேக்கிள் இல்லை.

இதைத் தவிர்ப்பது மிக எளிது என்பதுதான் என்னை வாட்டுகிறது. ஓராண்டு தன்னார்வச் சமூக சேவையில் சேரலாம். பிள்ளைகளுக்கான உதவித்தொகை தொடரும், காப்பீடும் உண்டு. விளையாட்டுக் கழகத்திலேயே அந்தச் சேவையைச் செய்ய முடியும். அது உயர்கல்வி அல்ல, ஐந்தாண்டுக் கணக்கைத் தொடாது.

ஏற்கெனவே பதிந்துவிட்டவர்கள் உடனே மனம் தளர வேண்டாம். இரண்டாம் பிரிவில் ஆண்டுகளை எண்ணுவதில்லை, முழுநேர மாணவனாக இருந்த செமஸ்டர்களை எண்ணுகிறார்கள். மொத்தம் பத்து. வெளியே வந்துவிட்டால் எண்ணிக்கை நின்றுவிடும். இன்றே பதிவை ரத்து செய்யுங்கள். விதிகள் அடிக்கடி மாறுவதால், உங்களை அழைக்கும் கல்லூரியின் விதிமுறை அலுவலகத்திடம் உங்கள் நிலைமையைச் சொல்லி எழுத்தில் பதில் வாங்குங்கள்.

பள்ளி முடிந்தபின் மூத்தோர் அணியில் காலம் கடத்துவது

மேலே சொன்னதன் தம்பி இது. பள்ளி முடித்து ஓராண்டு அவகாசம் உண்டு. அதற்குப் பின்னும் கல்லூரியில் சேராமல் போட்டி லீக்கில் ஆடினால், ஆடும் ஒவ்வோர் ஆண்டுக்கும் கல்லூரியில் ஆடக் கிடைக்கும் நான்கு பருவங்களில் ஒன்று கழியும். இன்னும் ஒரு சீசன் ஆடி நல்ல காணொளி சேர்த்துக்கொள்கிறேன் என்பவனிடம் இதைத்தான் சொல்கிறேன்.

காணொளி

பாட்டு வேண்டாம், பெயர்ப்பலகை வேண்டாம், மெதுவாக ஓடும் காட்சி வேண்டாம். பந்து நகரும் முன் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று ஒரு வட்டம் போடுங்கள். மிகச் சிறந்த ஐந்து காட்சிகள் முதலில் வரட்டும். ஆறாவதைப் பார்க்கப் பயிற்சியாளருக்குப் பெரும்பாலும் நேரம் இருக்காது. லைன் ஆட்டக்காரன் விசில் ஊதும்வரை ஆளை விடாமல் தள்ளும் காட்சி ஒன்று கட்டாயம் வேண்டும்.

உயரத்தைக் கூட்டி எழுதுவது

முகாமில் நாடா வைத்து அளப்பார்கள்.

'இடம் வாங்கித் தருகிறேன்' என்பவருக்குப் பணம் கொடுப்பது

கொடுக்காதீர்கள்.

மதிப்பெண்ணைக் கடைசி ஆண்டில் கவனிப்பது

மதிப்பெண்ணைக் கணக்கில் எடுப்பது ஒன்பதாம் வகுப்பிலிருந்தே தொடங்குகிறது. முதல் பிரிவுக்கு 16 அடிப்படைப் பாடங்கள், அமெரிக்க நான்கு புள்ளி அளவில் சராசரி 2.3.

வாய்ச்சொல்லை உதவித்தொகை என்று நம்புவது

பயிற்சியாளர் கைப்பேசியில் அனுப்பும் செய்தி யாரையும் கட்டுப்படுத்தாது. கையெழுத்திட்ட உதவித்தொகை ஒப்பந்தம் வரும்வரை ஒன்றும் இல்லை. உதவித்தொகை இல்லாமல் அணியில் மட்டும் சேர்த்துக்கொள்கிறோம் என்றால், முழுக் கட்டணமும் உங்கள் வீட்டிலிருந்து போக வேண்டும். இன்னொன்றும் உண்டு. 2025 முதல், கல்லூரி வீரர்களுக்குப் பணம் தருவது பற்றிய வழக்கில் ஏற்பட்ட சமரசத்தை ஏற்ற கல்லூரிகளில் அணிக்கு 105 பேர் என்று வரம்பு வந்துவிட்டது. அணியின் ஓரத்தில் இருப்பவனைத்தான் முதலில் நீக்குவார்கள். அப்படி நீங்கினால் அமெரிக்காவில் தங்கும் காரணமே கேள்விக்குள்ளாகும்.

விசாவை மறப்பது

2021 ஜூலை முதல் கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். அறைத்தோழன் கார் விளம்பரத்தில் நடிப்பதைப் பார்த்து நம் பையனுக்கும் ஆசை வரும். எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவனுக்கு வேலை பார்க்கக் கடுமையான கட்டுப்பாடு உண்டு. அமெரிக்க மண்ணில் படப்பிடிப்புக்கோ கையெழுத்து நிகழ்ச்சிக்கோ போய்ப் பணம் வாங்கினால் விசாவே போய்விடக்கூடும். பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தைக் கேட்காமல் ஒரு தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். அணியில் யார் ஊக்கினாலும் சரி.

விண்ணப்பத்திலும் அவசரம் காட்டுங்கள். கல்லூரி அனுப்பும் ஐ-20 படிவம் வந்தால்தான் தூதரக நேர்காணலுக்கு நாள் கேட்க முடியும். கோடையில் அந்த நாள் கிடைப்பது கடினம். பயிற்சி முகாம் ஜூலை இறுதியிலோ ஆகஸ்ட் தொடக்கத்திலோ ஆரம்பித்துவிடும். கடவுச்சீட்டு எந்த ஆண்டு காலாவதியாகிறது என்று இன்றிரவே பாருங்கள்.