கை ஓங்குவதற்கு முன்பே கிளம்பிவிடுங்கள்: தெருத் தகராறிலிருந்து தப்பிக்கும் முறை

வண்டி உரசல், பார்க்கிங் தகராறு, டாஸ்மாக் வாசலில் தோள் இடித்தது, பஸ்ஸில் “என்னடா முறைக்கிற” என்று ஒரு கேள்வி. தெருவில் அடிதடி பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. அடி விழுவதற்கு முன் கொஞ்ச நேரமாவது வாய்ச்சண்டை நடக்கும். உங்கள் வேலையெல்லாம் அந்த இடைவெளியில்தான். கராத்தே கற்றவருக்கும் இது பொருந்தும். ஏனென்றால் தார்ச் சாலையில் ஒரே குத்தில் மல்லாந்து விழுபவரின் பின்மண்டை அடிபட்டால் உயிர் போகலாம். விழுவது நீங்களாக இருந்தால் ஆஸ்பத்திரி, அவராக இருந்தால் உங்களுக்குக் கோர்ட்டு.

முதலில் வாய். வண்டி உரசியதும் எதிராளி இறங்கி வருகிறார் என்றால் ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள். காரில் இருந்தால் கதவைப் பூட்டி, கண்ணாடியை இரண்டு விரல் அளவு மட்டும் இறக்கிப் பேசுங்கள். “அண்ணே, தப்பு என் மேலதான், மன்னிச்சிடுங்க” என்பது மலிவான கவசம். யார் மேல் தப்பு என்பதை இன்ஷூரன்ஸ்காரர் பிறகு பார்த்துக்கொள்வார். வயதில் சிறியவராக இருந்தாலும் ‘நீங்க’தான். ஒரே ஒரு ‘டா’, ஒரே ஒரு ‘யோவ்’ போதும், அதுவரை பம்பரைப் பற்றி இருந்த சண்டை மானத்தைப் பற்றியதாகிவிடும். “அமைதியா இருங்க” என்று சொல்லாதீர்கள், கேட்பவருக்கு அது அதட்டலாகத்தான் படும். “நான் யார் தெரியுமா” வேண்டாம். விரல் நீட்டுவது, அவர் வண்டிச் சாவியைப் பிடுங்குவது, முகத்துக்கு நேரே செல்போனை நீட்டி வீடியோ எடுப்பது, மூன்றும் கையை வரவழைக்கும். வண்டி எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

அவருடன் நண்பர்கள் இருந்தால் இன்னொரு சிக்கல்: அவர்கள் எதிரில் அவரால் பின்வாங்க முடியாது. அவர் கௌரவமாக விலக ஒரு வழி கொடுங்கள். “நீங்க சொல்றது சரிதாண்ணே, நான் கிளம்பறேன்” என்றால் அவர் ஜெயித்த மாதிரி, நீங்கள் தப்பித்த மாதிரி. குடித்திருப்பவரிடம் நியாயம் பேசி ஆகப்போவது எதுவுமில்லை, கிளம்புங்கள். டாஸ்மாக் கடை இரவு பத்து மணிக்கு மூடும்போது அந்தத் தெருவைத் தவிர்ப்பது அதைவிட எளிது.

பேசும்போது எங்கே, எப்படி நிற்கிறீர்கள் என்பது முக்கியம். அவர் ஓர் அடி முன்னால் வராமல் தொட முடியாத தூரம் வேண்டும், ஏறத்தாழ இரண்டு கை நீளம். அவர் நெருங்கினால் நீங்கள் பக்கவாட்டில் பின்வாங்குங்கள். நேராகப் பின்னால் போனால் காலில் ஏதாவது தடுக்கும். இரண்டு உள்ளங்கைகளையும் நெஞ்சு உயரத்தில் அவரை நோக்கித் திறந்து வையுங்கள். பார்ப்பவருக்கும் சிசிடிவிக்கும் அது கெஞ்சல், உங்கள் முகத்துக்கோ அது கேடயம். கையைக் கட்டிக்கொண்டோ பாக்கெட்டில் விட்டுக்கொண்டோ நிற்பவரால் வரும் அறையைத் தடுக்க முடியாது.

அடி வரப்போகிறது என்பதை உடம்பு முன்கூட்டியே காட்டிவிடும். கத்திக்கொண்டிருந்தவர் சட்டென்று ஒற்றைச் சொல்லில் பதில் சொல்வார், யாராவது பார்க்கிறார்களா என்று இருபக்கமும் திரும்பிப் பார்ப்பார், கைலியை ஏற்றிக் கட்டுவார், வாட்ச்சைக் கழற்றுவார், ஒரு காலைப் பின்னால் வைப்பார். இருவர் இருந்தால் ஒருவர் பேச, மற்றவர் உங்கள் முதுகுப் பக்கம் நகர்வார். கை இடுப்புக்குப் பின்னால் போனால் ஆயுதம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இவற்றில் ஒன்றைப் பார்த்தாலும் பேச்சை முடிக்கக் காத்திருக்க வேண்டாம், ஓடுங்கள்.

எங்கே ஓடுவது என்பதுதான் பலரும் சறுக்கும் இடம். பயத்தில் கால் வீட்டுப் பக்கம் போகும். அது உங்கள் முகவரியைக் காட்டிக்கொடுக்கும், வழியில் முட்டுச் சந்தும் இருக்கலாம். பெட்ரோல் பங்க், மெடிக்கல் ஷாப், டீக்கடை, ஆஸ்பத்திரி வாசல், வாட்ச்மேன் இருக்கும் அடுக்குமாடி என வெளிச்சமும் ஆளும் இருக்கும் இடத்துக்குப் போங்கள். செருப்பு வழுக்கினால் உதறிவிடுங்கள், புடவையைத் தூக்கிச் செருகிக்கொள்ளுங்கள். துரத்துபவர் நெருங்கிவிட்டால் நிறுத்தியிருக்கும் காரைச் சுற்றியே ஓடுங்கள், நடுவில் கார் இருக்கும்வரை அவர் கைக்கு எட்டமாட்டீர்கள். “காப்பாத்துங்க” என்று பொதுவாகக் கத்தினால் கூட்டம் வேடிக்கை பார்க்கும். “பச்சைச் சட்டை அண்ணே, 112க்குப் போன் போடுங்க” என்று ஓர் ஆளைக் குறிவைத்துக் கத்துங்கள்.

வழிப்பறி வேறு ரகம், இங்கே வாய்ச்சண்டையே இருக்காது. பைக்கில் இருவர் பின்னாலிருந்து வந்து, பின்சீட்டில் இருப்பவர் செயினை இழுப்பதுதான் வழக்கமான முறை. ஆகவே வண்டிகள் உங்களுக்கு எதிரே வரும்படி சாலையின் வலது ஓரத்தில் நடங்கள், பையைச் சுவர்ப் பக்கத் தோளில் மாட்டுங்கள். முகவரி கேட்டு பைக் நின்றால் அருகே போகாமல் இருந்த இடத்திலிருந்தே பதில் சொல்லுங்கள். “அந்தப் பக்கம் கொலை நடந்திருக்கு, நகையைக் கழட்டிப் பையில வைங்கம்மா” என்று சொல்லும் மஃப்டி ‘போலீஸ்’, “உங்க பணம் கீழ விழுந்திருக்கு” என்று காட்டுபவர், இரண்டும் பழைய வித்தை. பறிப்பவர் கையில் செயின் சிக்கிவிட்டால் விட்டுவிடுங்கள். பிடித்துக்கொண்டவரை ஓடும் பைக் தரையோடு இழுத்துக்கொண்டு போகும். தாலிக்கொடி என்பதால் விட மனம் வராது என்பது புரிகிறது, ஆனாலும் கழுத்துதான் பெரிது.

கத்தியைக் காட்டினால் பணமும் போனும் அவருக்கு. கையில் நீட்டாமல் ஒரு பக்கமாக எறிந்துவிட்டு எதிர்ப்பக்கம் ஓடுங்கள். கத்தியைப் பிடுங்கும் சினிமா வித்தை வேண்டாம். ஆனால் “வண்டியில ஏறு” என்றால் மட்டும் ஏறாதீர்கள். அங்கேயே கத்துங்கள், விழுங்கள், புரளுங்கள். அவர் கூட்டிப்போகும் இடம் இதைவிட மோசமாகத்தான் இருக்கும்.

பிடிபட்டால் செய்ய வேண்டியவை சில உண்டு. மணிக்கட்டைப் பிடித்தால் பின்னால் இழுக்காதீர்கள். அவருடைய பிடியில் பலவீனமான இடம் கட்டைவிரலும் மற்ற விரல்களும் சந்திக்கும் இடைவெளி. முழங்கையை மடக்கி அவர் பக்கம் ஓர் அடி வைத்து, அந்த இடைவெளி வழியாக மணிக்கட்டைத் திருப்பி உருவுங்கள். முடியைப் பிடித்தால் அவர் கையை இரு கைகளாலும் உங்கள் தலையோடு அழுத்திக்கொள்ளுங்கள், இழுக்கும் வலி குறையும், முழங்காலுக்குக் கீழே உதைக்க நேரம் கிடைக்கும். பின்னாலிருந்து கட்டிப்பிடித்தால் உடம்பைக் கீழே தொங்கவிட்டு, குதிகாலால் அவர் பாதத்தை மிதியுங்கள். விழும்போது தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொள்ளுங்கள், பின்மண்டை தரையில் மோதாது. விழுந்தபின் கால்கள் அவர் பக்கம் இருக்கட்டும், தலையை முழங்கைகளால் மூடுங்கள். இவற்றை ஒரு துணையோடு பத்து இருபது தடவை செய்து பார்க்காவிட்டால் பதற்றத்தில் கை வராது. விரலிடுக்கில் சாவியை வைத்துக் குத்தும் யோசனையை மறந்துவிடுங்கள், முதலில் கிழிவது உங்கள் விரல்தான். பெப்பர் ஸ்பிரே வைத்திருந்தால் காலாவதித் தேதி பாருங்கள், காற்று எதிரே அடித்தால் அடிக்காதீர்கள், பையின் அடியில் போட்டு வைக்காதீர்கள்.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது, ஓர் எல்லை வரை. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையான பிரிவுகள் தற்காப்பு உரிமையைத் தருகின்றன. உங்களுக்காக மட்டுமல்ல, அடுத்தவரைக் காக்கவும் அது செல்லும். ஆனால் தேவைக்கு மேல் காயப்படுத்தக் கூடாது என்கிறது 37ஆம் பிரிவு. விழுந்து கிடப்பவரை இன்னொரு உதை உதைத்தால் அது தற்காப்பு ஆகாது.

பத்திரமான இடம் சேர்ந்ததும் சட்டைக்குள் கைவிட்டு முதுகு, விலா, இடுப்பைத் தடவி ரத்தம் இருக்கிறதா பாருங்கள். கத்திக்குத்து அந்த நேரத்தில் வெறும் குத்து போலத்தான் தெரியும். ரத்தம் வந்தால் சுத்தமான துண்டை வைத்துப் பத்து நிமிடம் எடுக்காமல் அழுத்துங்கள், அடிக்கடி தூக்கிப் பார்த்தால் உறைவது கலைந்துவிடும். கத்தி உள்ளே இருந்தால் பிடுங்காமல் அப்படியே 108ஐக் கூப்பிடுங்கள். தலையில் அடிபட்டவர் வாந்தி எடுத்தாலோ, தூக்கத்தில் சொக்கினாலோ உடனே ஆஸ்பத்திரி. அங்கே “அடிதடியில் பட்ட காயம்” என்றே சொல்லுங்கள். “கீழே விழுந்தேன்” என்று பதிவானால் பிறகு வழக்கு பலவீனமாகிவிடும்.

போன் போயிருந்தால் முதலில் சிம்மையும் வங்கிக் கணக்கையும் யு.பி.ஐ.யையும் முடக்குங்கள், கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் சைபர் மோசடிப் புகார் எண் 1930ஐக் கூப்பிடுங்கள். போனின் அடையாள எண்ணான ஐ.எம்.இ.ஐ. எண்ணை இன்றே *#06# அழுத்தி எழுதி வைத்துக்கொண்டால் புகாருக்கு உதவும். எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம், “எங்க லிமிட் இல்ல” என்று திருப்பி அனுப்ப முடியாது. புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள், வழக்குப் பதிவான எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். செயின் பறிப்பு என்றால் அதே சன்ஹிதாவின் 304ஆம் பிரிவு, மூன்று ஆண்டு வரை சிறை. சம்பவ இடத்தைச் சுற்றி எந்தெந்தக் கடையில் கேமரா இருக்கிறது என்று புகாரிலேயே எழுதுங்கள். பல கடைகளில் பதிவு சில நாட்களில் தானாக அழிந்துவிடும்.