பார்க்கின்சன் ஆபத்தைக் குறைக்க: எதற்கு முதலிடம், எதற்குக் கடைசி இடம்

பார்க்கின்சன் நோயைத் தடுக்கும் என்று உறுதியாகச் சொல்லத்தக்க உணவோ மாத்திரையோ இதுவரை இல்லை. வயதும் மரபணுவும் நம் கையில் இல்லை. ஆனாலும் நீண்டகால ஆய்வுகளில், ஆபத்து குறைவாகவோ கூடுதலாகவோ இருப்பதோடு தொடர்புள்ள சில பழக்கங்கள் திரும்பத் திரும்பத் தென்படுகின்றன. இந்நோயின் அறிகுறியாகக் கை நடுங்கத் தொடங்கும்போது, உடல் அசைவுகளைச் சீராக்கும் டோபமைன் என்னும் வேதிப்பொருளை நடுமூளையில் சுரக்கும் நரம்பணுக்களில் கணிசமான பகுதி ஏற்கெனவே அழிந்திருக்கும். அதனால் நடுவயதிலேயே தொடங்குவது நல்லது.

முதலிடம் உடற்பயிற்சிக்கு. இதய நலனுக்குச் சொல்லப்படும் அதே அளவை இங்கும் இலக்காகக் கொள்ளலாம்: வாரத்துக்கு 150 நிமிடம் வேகநடை போன்ற மிதமான பயிற்சி, அல்லது 75 நிமிடம் ஓட்டம், நீச்சல் போன்ற கடும் பயிற்சி. வேகம் சரிதானா என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். நடக்கும்போது பேச முடியவேண்டும், பாட முடியக்கூடாது. பாட முடிகிறதென்றால் அது உலாவல்தான், கணக்கில் சேராது. பலர் தவறுவது இங்கேதான். இன்னொரு தவறு, முதல் நாளே 40 நிமிடம் நடந்து, மூட்டு வலி வந்து, அடுத்த வாரமே விட்டுவிடுவது. நாளுக்கு 10 நிமிடத்தில் தொடங்கி வாரந்தோறும் 5 நிமிடம் கூட்டினால் ஐந்தாம் வாரம் 30 நிமிடத்தைத் தொட்டுவிடலாம். இதயக் கோளாறு உள்ளவர்கள் தொடங்கும் முன் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளவேண்டும்.

அடுத்தது, உணவைவிட முக்கியமாக நாங்கள் கருதுவது, நச்சு வேதிப்பொருள்கள். பாராகுவாட் என்னும் களைக்கொல்லியையோ ரோடினோன் என்னும் பூச்சிக்கொல்லியையோ பயன்படுத்தியவர்களிடம் இந்நோய் சுமார் இரண்டரை மடங்கு அதிகம் காணப்பட்டதாக 2011-ல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. அதே ஆய்வைத் தொடர்ந்த அலசலில், பாதி நேரத்துக்கும் மேல் கையுறை அணிந்தவர்களிடம் பாராகுவாட்டுடனான அந்தத் தொடர்பு தென்படவில்லை. இவ்வளவு எளிய பாதுகாப்பை யாரும் விட்டுவிடக்கூடாது. மருந்து தெளிப்பவர்கள் செய்யவேண்டியது:

1. ரசாயனம் ஊடுருவாத நைட்ரைல் கையுறை அணியுங்கள். துணி, தோல் கையுறைகள் மருந்தை உறிஞ்சி, தோலோடு ஒட்டி வைத்திருக்கும், வெறுங்கையைவிட மோசமாகலாம்.
2. கையுறையைக் கழற்றும் முன் அதன் வெளிப்புறத்தைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். இல்லாவிட்டால் கழற்றும் கையிலேயே மருந்து ஒட்டும்.
3. காற்றுக்கு எதிராகத் தெளிக்காதீர்கள்.
4. வேலை முடிந்ததும் குளியுங்கள். அந்த உடைகளை வீட்டார் துணியோடு கலக்காமல் தனியே துவையுங்கள்.

உலோகத்தில் எண்ணெய்ப்பிசுக்கு நீக்கப் பயன்பட்ட டிரைகுளோரோஎத்திலீனும் இதே பட்டியலில் சேரும். அது கலந்த குடிநீரைப் பயன்படுத்திய அமெரிக்க மரைன் படை முகாமில் பணியாற்றியவர்களிடம் ஆபத்து 70 விழுக்காடு கூடுதலாக இருந்ததாக 2023-ல் ஓர் ஆய்வு வந்தது. பணியிடத்தில் கரைப்பான்கள் இருந்தால் டப்பாவின் மீதுள்ள பெயரைப் படியுங்கள், காற்றோட்டம் இல்லாத அறையில் திறக்காதீர்கள். தலைக்காயமும் ஆபத்தைக் கூட்டுவதாகவே ஆய்வுகள் சொல்கின்றன. தலைக்கவசத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

காபிக்கு வருவோம். ஹவாயில் ஜப்பானிய வம்சாவளி ஆண்கள் 8,004 பேரை 30 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வில், காபி குடிக்காதவர்களிடமே நோய் அதிகம் காணப்பட்டது. குடிப்பவர்கள் தயங்காமல் தொடரலாம். காஃபீனில் பாதி உடலைவிட்டு நீங்கச் சுமார் ஐந்து மணி நேரம் ஆகும் என்பதால் மதியத்தோடு நிறுத்துங்கள். பழக்கமில்லாதவர்கள் மருந்துபோல் தொடங்கத் தேவையில்லை. புகைபிடிப்பவர்களிடமும் நோய் குறைவாகத் தெரிவது உண்மை. ஆனால் அதை நம்பிப் புகைப்பது நுரையீரலையும் இதயத்தையும் பலி கொடுப்பது. இதில் இரண்டாவது கருத்துக்கு இடமே இல்லை.

உணவில், காய்கறி, பழம், பருப்பு வகைகள், கொட்டைகள், மீன், ஆலிவ் எண்ணெய் நிறைந்த மத்தியதரைக்கடல் உணவுமுறை குறைந்த ஆபத்துடன் தொடர்புபடுகிறது. பெர்ரிப் பழங்களுக்கும் இது பொருந்தும். சத்து மாத்திரைகள் இதற்கு ஈடாகா.

பால் குறித்த பயம் மட்டும் அளவு மீறியது. கொழுப்பு நீக்கிய பால்பொருள்களை நாளுக்கு மூன்று முறையோ அதற்கு மேலோ உண்டவர்களுக்கு, வயது போன்ற வேறுபாடுகளைச் சரிக்கட்டிய பிறகு, ஆபத்து 34 விழுக்காடு கூடுதல் என்று 2017-ல் செய்தி வந்தது. எண்ணிக்கையில் பார்த்தால், அவர்களில் 1,000 பேரில் சுமார் 10 பேருக்கு நோய். ஒரு முறைகூட எட்டாதவர்களில் சுமார் 6 பேருக்கு. இதற்காகப் பாலை நிறுத்தி எலும்பைப் பலவீனமாக்கிக்கொள்ள வேண்டாம். விழுக்காட்டைப் படிக்கும்போதெல்லாம் இப்படி ஆயிரத்தில் எத்தனை என்று கேட்டுப் பாருங்கள்.

மோப்பத்திறன் குறைவது, நாள்பட்ட மலச்சிக்கல், கனவுக்கேற்பக் கைகால்களை வீசுவது ஆகியவை நடுக்கத்துக்குப் பல ஆண்டுகள் முன்பே வரக்கூடியவை. முதல் இரண்டுக்கும் வேறு காரணங்கள் ஏராளம். தனியாக வந்தால் அஞ்சவேண்டாம். மூன்றாவதை மட்டும் அலட்சியப்படுத்தக்கூடாது. அருகில் உறங்குபவரிடம் ஒரு காணொளி எடுக்கச் சொல்லி நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியலையும் கொண்டுபோங்கள்: வாந்தியை நிறுத்தும் மெட்டோகுளோபிரமைடும் சில மனநல மருந்துகளும் பார்க்கின்சன் போன்ற அறிகுறிகளை உண்டாக்கும். மருத்துவரைக் கேளாமல் அவற்றை நீங்களாக நிறுத்தாதீர்கள்.