எந்தப் பக்கம் ஒதுக்குகிறீர்களோ, அந்தப் பக்கத்தை முதலில் பாருங்கள்

புகையிலை போடுகிற எல்லோருக்கும் ஒரு பக்கம் உண்டு. என் அத்தைக்கு இடது கன்னம், பல வருஷமாக அதே இடம், சில நாள் தூங்கும்போதுகூட. ஹான்ஸ், கூல் லிப் மாதிரி பாக்கெட் புகையிலை வைக்கிற பையன்களுக்குக் கீழுதட்டின் உள்பக்கம். நம் நாட்டு வாய்ப்புற்று பெரும்பாலும் இப்படி ஒதுக்குகிற இடத்தில்தான் கிளம்புகிறது, அதாவது கன்னத்தின் உட்புறத்திலும், கன்னமும் ஈறும் சேருகிற பள்ளத்திலும். சிகரெட்டும் மதுவும் முக்கியக் காரணமாக இருக்கிற மேலை நாடுகளில் நாக்கிலும் அதன் அடியிலும்தான் அதிகம் வரும். புகையிலையில் இருக்கிற நைட்ரோசமைன்கள் என்ற புற்று உண்டாக்கும் ரசாயனங்கள் எச்சிலில் ஊறி மணிக்கணக்கில் ஒரே இடத்தில் படுவதுதான் விஷயம், சுண்ணாம்பு அந்த இடத்தைப் புண்ணாக்கி இன்னும் வழிவிடுகிறது. 2022 மதிப்பீட்டில் இந்தியாவில் ஒரே வருஷத்தில் ஏறக்குறைய 1,43,000 பேருக்குப் புதிதாக வாய்ப்புற்று. ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் அதற்கே முதலிடம்.

இதில் ஒரு நல்ல விஷயம், வாய் கண்ணுக்குத் தெரிகிற இடம். மாதம் ஒரு முறை ஐந்து நிமிஷம் ஒதுக்கினால் போதும்.

கையைக் கழுவி, வாயை நன்றாகக் கொப்பளித்து, பல் செட் இருந்தால் கழற்றிவிட்டு, கண்ணாடி முன்னால் செல்போன் டார்ச்சோடு நில்லுங்கள். முதலில் உங்கள் பக்கம். கன்னத்தை விரலால் வெளியே இழுத்து, அடியில் இருக்கிற பள்ளம் வரை பாருங்கள், மேலே மட்டும் பார்த்துவிட்டு விட்டுவிடாதீர்கள். அப்புறம் மறுபக்கம், உதடுகளின் உள்பக்கம், ஈறு. நாக்கை நீட்டி ஒரு துணியால் பிடித்து இரண்டு ஓரங்களையும் பாருங்கள், பிறகு நாக்கைத் தூக்கி அடியில், கடைசியாகத் தலையைப் பின்னால் சாய்த்து அண்ணத்தை.

தேய்த்தால் போகாத வெள்ளைத் திட்டு இருக்கிறதா? சிவப்புத் திட்டு இருந்தால் இன்னும் கவனம், அது வெள்ளையைவிட ஆபத்தானது. இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், காரணமில்லாமல் ஆடுகிற பல், தொட்டால் கட்டியாக இருக்கிற இடம், இதில் எது இருந்தாலும் போய்க் காட்ட வேண்டும். "வலிக்கவே இல்லையே, அப்புறம் என்ன?" என்றுதான் அத்தையும் சொன்னார். ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது, ஆளை ஏமாற்றுவதே அதுதான்.

அடுத்தது மூன்று விரல். ஆள்காட்டி, நடு, மோதிர விரல்களைச் சேர்த்து நெட்டுக்குத்தாக வாய்க்குள் விட்டுப் பாருங்கள். போகவில்லை, காரம் பட்டால் எரிகிறது, கன்னம் தோல் வார் மாதிரி இறுகியிருக்கிறது என்றால் பாக்கு தன் வேலையைக் காட்டியிருக்கிறது, அது புற்றுக்கு முந்தைய நிலை. "நான் புகையிலை போடுவதில்லை, வெறும் பாக்குதான்" என்று தப்பிக்க முடியாது. பாக்கே புற்றை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004-லேயே வெளியிட்டுவிட்டது.

தொண்டையைக் கண்ணாடியில் பார்க்க முடியாது. மெல்லுகிற பழக்கம் தொண்டை, உணவுக்குழாய் வரை போகும், கூடவே பீடியும் குடியும் இருந்தால் ஆபத்து பல மடங்கு. மூன்று வாரமாகக் குரல் கம்மியிருந்தாலோ, சோறு இறங்கச் சிரமமாக இருந்தாலோ, ஒரு பக்கக் காது மட்டும் காரணமில்லாமல் வலித்தாலோ, கழுத்தில் கட்டி தட்டுப்பட்டாலோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள்.

உங்கள் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை என்பதால் பல் மருத்துவரிடம் வருஷத்துக்கு ஒரு தடவை காட்டுவதை விட்டுவிடவும் கூடாது. திருவனந்தபுரத்தில் 1996 முதல் நடந்த பெரிய ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாயை வெறும் கண்ணால்தான் பார்த்தார்கள், புகையிலையோ மதுவோ பழக்கமுள்ளவர்களில் வாய்ப்புற்றுச் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

மருத்துவரிடம் போனால் என்ன போடுகிறீர்கள், எத்தனை வருஷம், எந்தப் பக்கம் என்பதை நீங்களே சொல்லிவிடுங்கள், வெட்கப்பட்டு மறைத்தால் நஷ்டம் உங்களுக்குத்தான். கொஞ்சம் சதை எடுத்துச் சோதிக்கலாம் என்றால் பயப்படாதீர்கள், கத்தியோ ஊசியோ பட்டால் புற்று பரவும் என்பது கட்டுக்கதை. புகையிலையை விட நினைத்தால் 1800-11-2356, காசில்லாத எண். அத்தைக்கு இருந்தது வெள்ளைத் திட்டு மட்டும்தான், இப்போது அந்தக் கன்னத்தில் கிராம்பு ஒதுக்குகிறார்.