சொத்தைப் பிரிக்கும் முன் வரிப் பாக்கி: வாரிசுகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்தியாவில் வாரிசுரிமையாக வந்து சேரும் சொத்துக்கு வருமான வரி கிடையாது; முன்பு இருந்த எஸ்டேட் வரியும் 1985-இல் நீக்கப்பட்டுவிட்டது. இரண்டும் உண்மைதான். ஆனால் இவற்றை வைத்துக்கொண்டு, இறந்தவரோடு அவருடைய வரிக் கணக்கும் முடிந்துவிட்டதாகப் பல குடும்பங்கள் எண்ணிக்கொள்வதில்தான் சிக்கல் தொடங்குகிறது. 1961-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம், 159-ஆம் பிரிவின்படி, இறந்தவர் உயிரோடு இருந்திருந்தால் எந்தத் தொகையைச் செலுத்தக் கடமைப்பட்டிருப்பாரோ, அது வரியானாலும் வட்டியானாலும் அபராதமானாலும், அதைச் செலுத்தும் பொறுப்பை அவருடைய சட்டப் பிரதிநிதியிடம் ஒப்படைக்கிறது. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்து பிரிவு எண்கள் மாறியிருந்தாலும், அதற்கு முந்தைய ஆண்டுகளின் பாக்கிகளுக்குப் பழைய சட்டமே பொருந்தும் என்பதால் இங்கே பழைய எண்களையே தருகிறேன்.

தவறுகளிலேயே அதிக விலை கொடுக்க வைப்பது, பாக்கி இருக்கிறதா என்று பார்க்காமலே சொத்தைப் பங்கு வைத்துவிடுவதாகும். ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். தந்தை தம்முடைய மனை ஒன்றை 60 லட்சம் ரூபாய்க்கு விற்றிருக்கிறார். விலை 50 லட்சத்துக்குக் குறையாததால், வாங்கியவர் ஒரு சதவீதமான 60,000 ரூபாயைப் பிடித்தம் செய்து, தந்தையின் பான் எண்ணில் அரசுக்குக் கட்டிவிட்டார். வரி பிடித்தாயிற்றே என்று நினைத்த தந்தை, விற்பனையில் கிடைத்த லாபமான மூலதன ஆதாயத்தைக் காட்டி ரிட்டர்ன் தாக்கல் செய்யவில்லை. மறு ஆண்டு காலமாகிவிட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து பாகம் பேச உட்கார்ந்தவர்கள், வங்கியில் இருந்த 15 லட்சம் வைப்புத்தொகையை மூத்த மகன் மூலம் எடுத்து ஆளுக்கு ஐந்து லட்சமாகப் பிரித்துக்கொண்டார்கள். அந்த விற்பனையோ, ஒருவரின் பான் எண்ணில் பிடித்தம் செய்து கட்டப்பட்ட வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் பதிவாகித் துறையின் கண் முன்னே இருக்கிறது. கணக்கில் வராமல் விடுபட்ட வருமானம் 50 லட்சத்துக்குக் குறைவாக இருந்தால் மதிப்பீட்டு ஆண்டின் (வருமானம் வந்த நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டின்) முடிவிலிருந்து மூன்று ஆண்டு மூன்று மாதம் வரையிலும், அதற்குக் குறையாமல் இருந்தால் ஐந்து ஆண்டு மூன்று மாதம் வரையிலும், கணக்கை மீண்டும் திறக்க நோட்டீஸ் அனுப்பலாம் என்பதே 2024 செப்டம்பர் 1 முதல் உள்ள விதி.

இங்கே 159-ஆம் பிரிவின் நான்காவது உட்பிரிவைக் கவனிக்க வேண்டும். வரிப் பொறுப்பு தீராமல் இருக்கும்போதே, சட்டப் பிரதிநிதி இறந்தவரின் சொத்தை அடமானம் வைத்தாலோ, விற்றாலோ, கைமாற்றிக் கொடுத்தாலோ, அந்தச் சொத்தின் மதிப்பு அளவுக்கு அவர் சொந்தப் பொறுப்பாளியாகிவிடுகிறார். எனவே, பணத்தைத் தன் கையால் எடுத்துப் பங்கு வைத்த மூத்த மகன், தனக்குக் கிடைத்தது ஐந்து லட்சம்தான் என்று சொல்லி ஒதுங்கிவிட முடியாது. உடன்பிறந்தோருக்குக் கொடுத்த பத்து லட்சத்தையும் கணக்கில் வைத்து அவரிடம் கேட்கச் சட்டம் இடம் தருகிறது. நல்லெண்ணத்தோடு பொறுப்பை ஏற்றவரே அதிகம் மாட்டிக்கொள்ளும் இந்த நிலை எனக்கு மிகவும் வருத்தம் தருவது. உயில் நிறைவேற்றுநர் மட்டும்தான் சட்டப் பிரதிநிதி என்று நினைத்துவிடக் கூடாது. இறந்தவரின் சொத்தில் கைவைத்துக் கையாள்பவர் எவரும் அந்தச் சொல்லுக்குள் அடங்குவார். நாமினி என்ற முறையில் பணத்தை எடுத்தவரும் இதற்கு விலக்கல்ல.

இதைத் தவிர்ப்பதற்கான வழி எளியதுதான். வட்டாட்சியர் வழங்கும் வாரிசுச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ், இறந்தவரின் பான் எண், இழப்பீட்டு உறுதிக் கடிதம் ஆகியவற்றைக் கொண்டு, வருமான வரித் துறையின் இணையதளத்தில் சட்ட வாரிசாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். அனுமதி கிடைத்தவுடன், இறந்தவரின் கணக்கில் நிலுவைக் கோரிக்கை ஏதும் காட்டுகிறதா, பதில் அளிக்காத நோட்டீஸ் உண்டா, 26ஏஎஸ் படிவத்திலும் வருடாந்தர தகவல் அறிக்கையிலும் ரிட்டர்னில் வராத வருமானம் பதிவாகியிருக்கிறதா என்ற மூன்றையும் பார்த்துவிட வேண்டும். அதற்கிடையில் குடும்பச் செலவுக்கு அவசரமாகப் பணம் தேவைப்பட்டால், ஆடிட்டர் மதிப்பிடும் வரித் தொகையைத் தனியே நிறுத்திவைத்துவிட்டு, மீதியை மட்டும் பிரிப்பது ஓரளவு பாதுகாப்பானது.

இதற்கு நேர் எதிரான தவறும் நடக்கிறது. நோட்டீஸைக் கண்டு பயந்து, தந்தை விட்டுச்சென்றதைவிடப் பெரிய தொகையைக் கடன் வாங்கிக் கட்டுபவர்கள் இருக்கிறார்கள். இறந்தவரின் சொத்து எவ்வளவு ஈடுகொடுக்குமோ அந்த அளவுக்குத்தான் வாரிசின் பொறுப்பு என்று அதே பிரிவின் ஆறாவது உட்பிரிவு தெளிவாகச் சொல்கிறது. சொத்து 4 லட்சம், பாக்கி 9 லட்சம் என்றால், சொத்தை முறைப்படி வைத்திருந்த வாரிசு மீதி 5 லட்சத்தைத் தன் சம்பளத்திலிருந்து கொடுக்க வேண்டியதில்லை.

இறந்தவர் பெயருக்கே நோட்டீஸ் வந்தால், அது செல்லாது என்று மூலையில் போட்டுவிடுவது அடுத்த தவறு. இறந்தவர் பெயரில் அனுப்பப்பட்ட மறுமதிப்பீட்டு நோட்டீஸ் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்திருப்பது உண்மையே. ஆனால் காலவரம்பு மீதமிருந்தால் துறை வாரிசின் பெயரில் புதிய நோட்டீஸ் அனுப்பலாம். இறந்தவர் உயிரோடு இருந்தபோதே தொடங்கிவிட்ட நடவடிக்கையாக இருந்தால், அது நின்ற இடத்திலிருந்து வாரிசின் மீது தொடரும். ஆகவே, இறப்புச் சான்றிதழை இணைத்து உரிய காலத்துக்குள் எழுத்து மூலம் பதில் அனுப்புவதுதான் முறை.

நோட்டீஸ் வந்த பிறகு வீட்டைப் பிள்ளைகள் பெயருக்கு அவசரமாகத் தான செட்டில்மெண்ட் எழுதிவைப்பதும் உதவாது. நடவடிக்கை நிலுவையில் இருக்கும்போது, மதிப்பீட்டு அலுவலரின் முன் அனுமதியும் போதிய பிரதிபலனும் இல்லாமல் செய்யப்படும் மாற்றம், துறையின் உரிமைக் கோரிக்கைக்கு எதிராகச் செல்லாது என்பது 281-ஆம் பிரிவு. வில்லங்கச் சான்றில் எதுவும் இல்லை என்று நம்பி வாங்குபவரும் இதனால் பாதிக்கப்படக்கூடும் என்பதால், விற்கும் வாரிசு இதை மறைக்காமல் இருப்பது நல்லது.

பாக்கி இறந்தவருடையதாகவே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. வாரிசுக்கே பழைய வரிப் பாக்கி இருந்தால், பாகமாக வரும் நிலமும் வங்கிப் பணமும் அவருடைய சொத்தாகிவிடுவதால், வரி வசூல் அலுவலர் அவற்றை ஜப்தி செய்யலாம். அதற்கு அஞ்சித் தன் பங்கைத் தம்பிக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுத்தால், அதுவும் மேற்சொன்ன 281-இன் கேள்விக்கு உள்ளாகும். பாக்கியைத் தவணையில் கட்ட அனுமதி கேட்டு மனு கொடுப்பது இதைவிட நேரான வழி.

இறந்த நாள் வரையிலான வருமானத்துக்கு வாரிசு இறந்தவர் சார்பில் ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டும்; அதற்குப் பின் வரும் வட்டியும் வாடகையும், உயில் நிறைவேற்றுநரின் கையில் சொத்து இல்லாத நிலையில், வாரிசுகளின் வருமானம். மரணத்தை வங்கிக்குத் தெரிவிக்கத் தாமதித்தால் பின்னைய வட்டியும் இறந்தவரின் பான் எண்ணிலேயே பதிவாகி, கணக்குகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் போகும். பான் எண்ணை உடனே ஒப்படைத்துவிடவும் வேண்டாம். நிலுவையில் உள்ள ரிட்டர்ன்களும் வர வேண்டிய ரீஃபண்டும் அந்த எண்ணின் வழியாகவே நடக்கின்றன என்பதால், அவை முடிந்த பிறகு ஒப்படைப்பதே சரி.