பேய்களை எழுப்பி ஆடுங்கள்: பேக்-மேன் சாம்பியன்ஷிப் எடிஷன் டிஎக்ஸ்

பழைய பேக்-மேன் வீடியோ கேமில் ஊறிய கை, அதன் புதிய வடிவமான சாம்பியன்ஷிப் எடிஷன் டிஎக்ஸில் முதலில் தடுமாறத்தான் செய்யும். 1980-இல் தோரு இவாத்தானி ஜப்பானின் நாம்கோ நிறுவனத்தில் உருவாக்கிய ஆட்டத்தில் நான்கே பேய்கள்; நாம் ஓட்டும் வட்டமான பேக்-மேன் அவற்றிடம் சிக்காமல் சந்துகளில் உள்ள புள்ளிகளைத் தின்று முடிப்பதுதான் வேலை. 2010-இல் வந்த டிஎக்ஸில் சந்துக்குச் சந்து பேய்கள் தூங்குகின்றன. அவற்றை நாமே போய் எழுப்ப வேண்டும். இது மனதில் பதிந்துவிட்டால் மற்றதெல்லாம் பழக்கம்தான்.

கண்ட்ரோலரில் ஸ்டிக்கை விட்டுவிட்டு டி-பேடில், அதாவது நாலு திசைப் பொத்தானில், விரலை வையுங்கள். நாலு திசை மட்டுமே உள்ள ஆட்டத்தில் ஸ்டிக் சாய்வாக இழுத்துவிடும். திருப்பம் வரும் முன்பே அந்தத் திசையை அழுத்திப் பிடியுங்கள். மூலையில் தீப்பொறி பறந்தால் சரியாகத் திரும்பியிருக்கிறீர்கள்.

திரை இடம், வலம் என இரண்டு பாதி. ஒரு பாதியின் புள்ளிகளைத் தின்று தீர்த்தால் எதிர்ப்பக்கம் ஒரு பழம் வரும். அதைத் தின்றதும் காலியான பாதி புதிய பாதையோடு நிரம்பும். 2007-இல் இவாத்தானியே வடிவமைத்த முந்தைய சாம்பியன்ஷிப் எடிஷனில் தொடங்கிய ஏற்பாடு இது.

இனிதான் முக்கியமான இடம். தூங்கும் பேயின் பக்கத்தில் கடந்து போனாலே அது விழித்துக்கொண்டு உங்கள் பின்னால் வரும். அடுத்தது, அதற்கடுத்தது என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்து நீண்ட ரயிலாகிவிடும். பின்னால் வருவதால் மட்டும் ஆபத்து இல்லை. அது நீங்கள் போன வழியிலேயே வரும். சிக்கல் எங்கே என்றால், வந்த வழியை நீங்களே மறுபடி குறுக்கே வெட்டும்போது. முன்னால் சந்தில் இன்னும் ஓடிக்கொண்டிருப்பது உங்கள் ரயிலின் வால்தான். அதனால் கண்ணைப் பேக்-மேன் மேல் வைக்காதீர்கள். இரண்டு திருப்பம் தள்ளிப் பாருங்கள். புள்ளிகள் போட்டிருக்கும் கோடே பெரும்பாலும் பத்திரமான வழி. குறுக்குவழி தேடினால்தான் மாட்டிக்கொள்வோம்.

பேய்களையே தின்ன வைக்கும் பெரிய புள்ளி கண்ணில் பட்டதும் பாய வேண்டாம். எதிரே தூங்குபவை மிச்சமிருந்தால் அவற்றையும் எழுப்பிச் சேர்த்துக்கொண்டு அப்புறம் தின்னுங்கள். ரயில் முழுக்க நீலமாகும். ஒன்றில் வாய் வைத்தால் பின்னாலுள்ளவை சடசடவென்று உள்ளே போகும், மதிப்பெண்ணும் ஏறிக்கொண்டே போகும். அந்தச் சில நொடிகளுக்காகவே இந்த ஆட்டத்தை எத்தனை முறையும் ஆடலாம் என்பேன்.

பேயில் மோதப்போகும் தருணத்தில் ஆட்டம் தானாக மெதுவாகும். பதறாமல் திறந்திருக்கும் பக்கம் திரும்புங்கள். வழியே இல்லையென்றால் மட்டும் கையிலிருக்கும் குண்டைப் போடுங்கள். அது பேய்களை நடுக்கூண்டுக்கு அனுப்பிவிடும். ஆனால் பாடுபட்டுச் சேர்த்த ரயிலும் அப்போதைக்குக் கலைந்துவிடும்.

முதலில் ‘சாம்பியன்ஷிப் II’ களத்தில் ஐந்து நிமிடத்தில் முடிந்தவரை மதிப்பெண் சேர்க்கும் ‘ஸ்கோர் அட்டாக்’ ஆடுங்கள். வேகம் கூடக்கூடக் கை பின்தங்கினால், குறைந்த நேரத்தில் முடிக்கப் பார்க்கும் ‘டைம் டிரயல்’ முறைக்குப் போங்கள். அங்கே பாதையை மட்டும் கவனித்துப் பழகலாம். கணினியில் ஆட விரும்புபவர்களுக்கு 2013-இல் வந்த ‘டிஎக்ஸ் பிளஸ்’ பதிப்பு இருக்கிறது.