ஆக்டிவ் வாய்ஸ், பாஸிவ் வாய்ஸ்: அட்டவணை இல்லாமல் மாற்றுவது எப்படி?

ஆங்கில இலக்கணத்தில் ஆக்டிவ் (செய்வினை), பாஸிவ் (செயப்பாட்டுவினை) என்றதும் பலரும் முதலில் தேடுவது டென்ஸ், அதாவது கால அட்டவணையைத்தான். சிம்பிள் பிரசன்ட் என்றால் இப்படி மாறும், பாஸ்ட் கன்டினியூவஸ் என்றால் அப்படி மாறும் என்று வரிசையாக உருப்போட்டு, தேர்வு அறையில் ஒரு வரி மறந்தால் மொத்தமும் குழம்பிவிடும். அந்த அட்டவணையே தேவையில்லை. ஒரே ஒரு விதிதான் எல்லா டென்ஸுக்கும் பின்னால் இருக்கிறது, அதுவும் தமிழ் பேசுகிறவர்கள் தினமும் செய்கிற வேலைதான்.

எழுதினான் என்பது எழுதப்பட்டது ஆகிறது. எழுதுகிறான், எழுதப்படுகிறது. எழுதுவான், எழுதப்படும். இதில் 'எழுத' மாறவே இல்லை, காலத்தைச் சுமப்பது முழுக்க முழுக்க 'படு'தான். ஆங்கிலத்தில் அந்த வேலையைச் செய்வது 'பி' என்ற வெர்ப் (வினைச்சொல்). இஸ், ஆம், ஆர், வாஸ், வேர், பீயிங், பீன் எல்லாம் அதன் வடிவங்களே. ஆக்டிவ் வாக்கியத்தில் மெயின் வெர்ப் எந்த வடிவத்தில் இருந்ததோ அந்த வடிவத்தை 'பி' வாங்கிக்கொள்ளும், மெயின் வெர்ப் மூன்றாவது வடிவத்துக்கு, அதாவது பாஸ்ட் பார்ட்டிசிபிளுக்குப் போய்விடும். விதி அவ்வளவுதான்.

செய்து பார்ப்போம். "ஷி ரோட் எ லெட்டர்" என்பதில் 'ரோட்' இறந்தகாலம், அதனால் 'பி'யும் இறந்தகாலத்துக்குப் போய் 'வாஸ்' ஆகும்: "எ லெட்டர் வாஸ் ரிட்டன் பை ஹர்". "ஷி இஸ் ரைட்டிங் எ லெட்டர்" என்றால் 'ரைட்டிங்'கில் இருக்கும் 'இங்' அப்படியே 'பி'க்குத் தாவி 'பீயிங்' ஆகும்: "எ லெட்டர் இஸ் பீயிங் ரிட்டன் பை ஹர்". 'ஹேஸ் ரிட்டன்' என்றால் 'ஹேஸ் பீன் ரிட்டன்'. 'வில் ரைட்' என்றால் 'வில் பி ரிட்டன்'. கேன், மஸ்ட், ஷுட் எல்லாவற்றுக்கும் 'வில்' மாதிரியேதான், பின்னால் வெறும் 'பி' வரும். 'ஹேஸ் பீன் ரைட்டிங்' போன்ற பர்ஃபெக்ட் கன்டினியூவஸை மட்டும் விட்டுவிடுங்கள், அதை வழக்கத்தில் யாரும் பாஸிவ் ஆக்குவதில்லை.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டியது ஆப்ஜெக்டைக் கண்டுபிடிப்பது. வெர்பைப் பார்த்து 'எதை?' அல்லது 'யாரை?' என்று கேளுங்கள். பதில் வந்தால் அதுதான் ஆப்ஜெக்ட், அதைத் தூக்கி முன்னால் வையுங்கள். "ஹி ஸ்லெப்ட்" என்பதில் எதைத் தூங்கினான் என்று கேட்க முடியாது, ஆகவே அதற்குப் பாஸிவ் கிடையாது. முன்னால் வந்தது பன்மையாக இருந்தால் 'வாஸ்' போய் 'வேர்' வர வேண்டும். பலர் பழைய சப்ஜெக்டையே, அதாவது செய்தவரையே மனதில் வைத்துக்கொண்டு "தி லெட்டர்ஸ் வாஸ் ரிட்டன்" என்று எழுதி மதிப்பெண்ணை இழக்கிறார்கள். அப்புறம் பழைய சப்ஜெக்ட் 'பை'க்குப் பின்னால் போகும்போது ஐ என்பது மீ, ஹி என்பது ஹிம், தே என்பது தெம் என மாறும், இது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

'பை' கட்டாயம் என்று நினைக்க வேண்டாம். செய்தவர் யார் என்று தெரியாதபோதும், தெரிந்து பயனில்லாதபோதும் அதை விட்டுவிடுவதே நல்ல ஆங்கிலம். "தி பைக் வாஸ் ஸ்டோலன்" என்றாலே போதும், "பை சம்ஒன்" என்பது வெறும் சுமை.

கேள்வி வாக்கியத்தில் டூ, டஸ், டிட் மூன்றும் காணாமல் போகும், ஏனென்றால் அவை சுமந்த காலத்தை இப்போது 'பி' சுமக்கிறது. "டிட் ஹி பிரேக் தி கிளாஸ்?" என்பது "வாஸ் தி கிளாஸ் ப்ரோக்கன் பை ஹிம்?" ஆகும். 'ஹூ' என்று தொடங்கினால் 'பை ஹூம்'. கட்டளை வாக்கியம் என்றால் 'லெட்' போட்டு "லெட் தி டோர் பி குளோஸ்ட்". பேச்சில் இதை யாரும் சொல்வதில்லை, தேர்வுக்காகத் தெரிந்துகொள்ளுங்கள்.

மாட்டிக்கொள்ளும் இடங்கள் இன்னும் மூன்று. "ஹி கேவ் மீ எ புக்" என்பதில் ஆப்ஜெக்ட் இரண்டு, எதை முன்னால் வைத்தாலும் சரி, ஆனால் "ஐ வாஸ் கிவன் எ புக்" என்பதுதான் காதுக்கு இயல்பாக இருக்கும். "தே லாஃப்ட் அட் ஹிம்" என்பதில் 'அட்' வெர்போடு ஒட்டியது, "ஹி வாஸ் லாஃப்ட் அட் பை தெம்" என்று எழுதும்போது அதைத் தவறவிடக் கூடாது, 'அட்' பக்கத்திலேயே 'பை' வருகிறதே என்று தயங்கவும் வேண்டாம். மூன்றாவது 'மேக்'. "ஷி மேட் மீ வெயிட்" என்பதில் இல்லாத 'டு' பாஸிவில் முளைக்கும்: "ஐ வாஸ் மேட் டு வெயிட்".

பாஸிவிலிருந்து ஆக்டிவுக்குத் திரும்பும்போது இதையே தலைகீழாகச் செய்யுங்கள். 'பி'யை எடுத்துவிட்டு, அது சுமந்த வடிவத்தை மெயின் வெர்பிடம் திருப்பிக் கொடுங்கள். "தி விண்டோ இஸ் பீயிங் ரிப்பேர்ட்" என்பதில் 'பை' இல்லையா? பொருத்தமான ஒரு சப்ஜெக்டை நீங்களே போட வேண்டியதுதான்: "சம்ஒன் இஸ் ரிப்பேரிங் தி விண்டோ".