மனைவி இறந்தபின் பிள்ளையை வளர்க்கும் தந்தைக்கு: கோர்ட், பி.எஃப்., சொத்து

காப்பாளர் உரிமை (பிள்ளைக்காகச் சட்டப்படி முடிவெடுக்கும் உரிமை) வேறு, கஸ்டடி (பிள்ளையைத் தன்னிடம் வைத்து வளர்ப்பது) வேறு. இது பிடிபடாமல்தான் பல அப்பாக்கள் கோர்ட்டில் தடுமாறுகிறார்கள். இந்துக்களுக்கான 1956-ஆம் ஆண்டு சிறார் காப்பாளர் சட்டத்தின் பிரிவு 6, தந்தையை இயற்கைக் காப்பாளர் என்கிறது. ஆனால் பிள்ளை யாரிடம் வளர வேண்டும் என்ற கேள்வி வந்தால், பிரிவு 13 சொல்லும் பிள்ளையின் நலனே முதலில் நிற்கும். ஐந்து வயது நிரம்பாத குழந்தை பொதுவாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்ற விதியைப் பாட்டியோ சித்தியோ தங்களுக்காகக் காட்ட முடியாது. அது தாய்க்கு மட்டும் உரியது.

குழந்தையைத் தாய்வீட்டார் அனுப்ப மறுத்தால் இரண்டு வழிகள். ஒன்று, உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு, அதாவது பிள்ளையைக் கோர்ட்டின் முன் கொண்டுவர உத்தரவிடக் கேட்கும் மனு. தாய் இறந்து சித்தியிடம் இருந்த கைக்குழந்தையை இந்த வழியில் தந்தையிடம் ஒப்படைத்ததை 2019 மே மாதம் உச்ச நீதிமன்றம் சரியென்றது. ஆனால் வருடக்கணக்கில் எட்டிப் பார்க்காத அப்பாவுக்கு இது கைகொடுப்பது கடினம். அவருக்கு இரண்டாவது வழிதான்: 1890-ஆம் ஆண்டு காப்பாளர் சட்டப்படி குடும்ப நல நீதிமன்றத்தில் மனு. பிள்ளை வழக்கமாக வசிக்கும் ஊரின் கோர்ட்டில்தான் போட வேண்டும். நீங்கள் கோவையிலும் பிள்ளை மதுரையிலும் இருந்தால் மதுரைக்குத்தான் போக வேண்டும். ஊரை மாற்றிப் போட்டால் மனு திரும்பி வரும், மாதங்கள் வீணாகும். பிரிவு 12-ன் கீழ் இடைக்கால உத்தரவையும் கூடவே கேளுங்கள்.

மனுவோடு சம்பளச் சீட்டு மட்டும் வைத்தால் போதாது. தடுப்பூசி அட்டை, பள்ளிக் கட்டண ரசீது, நீங்கள் கையெழுத்திட்ட ரேங்க் கார்டு, நீங்கள் வேலைக்குப் போகும் நேரத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொள்பவரின் பிரமாண வாக்குமூலம், எல்லாம் வேண்டும். தாய்வீட்டுக்கு அனுப்பும் செலவுப் பணத்தை வங்கி வழியாகவே அனுப்புங்கள். கையில் கொடுத்த பணத்துக்குச் சாட்சி இல்லை. விவரம் தெரிந்த வயதுப் பிள்ளையிடம் நீதிபதி தனியாகப் பேசுவார். சொல்லிக்கொடுத்து அனுப்பிய பேச்சு அங்கே நிற்காது.

மனைவி பி.எஃப். உறுப்பினராக இருந்து பணியில் இறந்திருந்தால், ஒரு மாதச் சந்தா கட்டியிருந்தாலே குடும்ப ஓய்வூதியம் உண்டு. "அவள் வேலைக்குச் சேர்ந்தே நாலு மாசம்தானே" என்று விட்டுவிடுகிறவர்கள் ஏராளம். சேமிப்புத் தொகைக்குப் படிவம் 20, ஓய்வூதியத்துக்கு 10டி, பி.எஃப். உறுப்பினருக்கு உள்ள ஆயுள் காப்பீட்டுக்கு 5ஐஎஃப். காப்பீட்டின் உச்சவரம்பு 7 லட்சம். கணவருக்கு வரும் ஓய்வூதியத்தில் 25 சதவீதம் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாக வரும்; ஒரே சமயத்தில் இரண்டு பிள்ளைகளுக்கு, 25 வயது வரை. ஓய்வூதியம் கணவருக்குக் கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மறுமணம் செய்தால் மட்டுமே உங்கள் பங்கு நின்றுபோகும். இறப்புச் சான்றிலும் ஆதாரிலும் மனைவியின் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள்.

மனைவி உயில் எழுதாமல் விட்டுப்போன வீட்டில் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் சம பங்கு. இ-சேவை மையம் வழியாக வாரிசுச் சான்று வாங்கிவிட்டால் விற்றுவிடலாம் என்று நினைப்பது பெரிய தவறு. மைனர் பிள்ளையின் பங்கை விற்கவோ அடமானம் வைக்கவோ, சொத்து இருக்கும் எல்லைக்குட்பட்ட நீதிமன்றத்தில் 1956-ஆம் ஆண்டு சிறார் காப்பாளர் சட்டத்தின் பிரிவு 8-ன்படி அனுமதி வேண்டும். அனுமதியின்றி விற்றால், பிள்ளை 18 வயதானபின் மூன்று ஆண்டுக்குள் அந்த விற்பனையை ரத்து செய்யக் கோரலாம். விவரமறிந்த வாங்குபவர் அப்படிப்பட்ட சொத்தைத் தொடமாட்டார்.

மத்திய அரசு ஊழியர் என்றால், மனைவியை இழந்தவர், விவாகரத்தானவர், மணமாகாத தந்தை ஆகியோருக்கும் 2018 முதல் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு: மொத்தம் 730 நாள், மூத்த இரு பிள்ளைகளுக்கு, 18 வயது வரை. முதல் 365 நாள் முழுச் சம்பளம், மீதிக்கு 80 சதவீதம். தனியார் வேலையில் இப்படியொரு சட்டம் இல்லை. நிறுவனத்தின் மனசைப் பொறுத்தது.

இலவச வழக்கறிஞருக்கு 15100 என்ற எண்ணில் சட்டப் பணிகள் ஆணையத்தைக் கேளுங்கள். பொதுவாக ஆண்களுக்கு வருமான வரம்பு உண்டு, குழந்தைக்குக் கிடையாது. அதனால் பிள்ளைக்காகப் போடும் வழக்கில் விண்ணப்பத்தைப் பிள்ளையின் பெயரிலேயே எழுதுங்கள்.